நடுவுல சொல்ற ஸ்டாப்பிங்

உக்காருக்கா, இங்க யாரும் வரல. ஃபேனு இந்தப் பக்கம்தான் சுத்துது. அந்தப் பக்கமும் ஒண்ணு கீது, சும்மா அலங்காரத்துக்கு. நீ யாரப் பாக்க வந்த? ஸ்போர்ட்ஸ் ஆபீஸ் செக்ரட்டரியவா? பொண்ணு சர்டிபிகேட்டுல கையெழுத்தா? கபடியா? நல்ல ஆட்டம்க்கா, உடாத. ஆனா அவரு இப்ப வெளிய வரமாட்டாரு. உள்ள விசாரண நடக்குது. என் கேஸுதான்.

ஐயே, போலீஸ் கேஸு இல்லக்கா. பேக எதுக்கு அந்தப் பக்கம் நவுத்தற? நான் ரக்பி ஆடறவ. லீலா. புஷ்பலீலா, காசிமேடு. ஆறு வருசமா இந்தியாவுக்கு ஆடறேன், பொம்பளைங்க டீமுல. தெரியாதுல்ல? கிரிக்கெட்டா இருந்தா தெரியும். ரக்பின்னா இன்னான்னு கேக்காத, எங்கம்மாவுக்கே இன்னும் புரியல. பப்பாளிப் பழம் மாதிரி ஒரு பந்து. அத அணைச்சிக்கினு ஓடணும். ஓடறவள மத்தவ புடிச்சித் தள்ளணும். அவ்ளோதான். தோ, இந்தக் காது பாரு, மடங்கிப்போச்சி. இந்தத் தோள்ல எலும்பு ஒடஞ்சி கூடுச்சி. இதெல்லாம் எனக்கு நகை மாதிரி.

உள்ள இப்ப செலின் பதில் சொல்லிக்கினு இருக்கா. எங்க தெருதான், நாலு வூடு தள்ளி. என் கூட்டாளி. கூட்டாளியா இருந்தா. எங்க டீமு ரகசியத்த எதிரி டீமுக்கு சொல்லிட்டா, அதான் கேஸு. புகார் குடுத்தது நானு. அவளக் கேட்டு முடிச்சதும் என்னக் கூப்பிடுவாங்க. யாரு வாயில இருந்து வெளிய போச்சின்னு தெரியுதோ, அவங்க இனிமே ஆயுசுக்கும் இந்தியா ஜெர்சி போட முடியாது. சின்னப் பசங்களுக்கு சொல்லிக்குடுக்கக் கூட முடியாது. ரக்பி சங்கத்து ரூலு அது. கரெக்டுதானேக்கா? துரோகம் பண்ணவளுக்கு மாலையா போடுவாங்க?

உனக்கு நேரம் இருக்கில்ல? சொல்றேன் கேளு. கேட்டுட்டு நீயே சொல்லு.

நான் ஸ்கூல்ல குண்டு எறிவேன். கையி அப்பவே இப்டிதான். ஒரு போட்டியில பாத்துட்டு ரக்பி மாஸ்டர் ஒருத்தரு, "நீ பீச்சுக்கு வா"ன்னாரு. எங்கம்மா, பீச்சுல இன்னாடி ஆட்டம்னு கத்துச்சி. தனியா அனுப்பமாட்டேன்னு சொல்லிடுச்சி. நான் போயி செலின இழுத்துக்கினு வந்தேன். அவ சும்மா தொணைக்கி வந்தவக்கா. நான் இட்டாந்தவ. ஓட்டடக் குச்சி மாதிரி இருப்பா. மாஸ்டரு அவ ஒயரத்தப் பாத்துட்டு, "நீயும் நில்லு"ன்னாரு. அன்னிக்கி நின்னவதான்.

எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வேல. கேளு. பந்து கோட்டத் தாண்டி வெளிய போச்சின்னு வெச்சிக்கோ. ரெண்டு டீமும் ரெண்டு வரிசையா நிப்பாங்க. ரேசன் கடையில ஆம்பள வரிச, பொம்பள வரிச நிக்கும் பாரு, அப்டி. நான் கோட்டுக்கு வெளிய நின்னு தலைக்கி மேல ரெண்டு கையால பந்த நடுவுல எறிவேன். எங்க ஆளுங்க ரெண்டு பேரு செலினத் தொடையில புடிச்சி மேல தூக்குவாங்க. அவ ஆகாசத்துல நின்னு புடிப்பா. முன்னாடி தூக்கறமா, நடுவுலயா, கடைசியிலயான்னு எங்களுக்கு மட்டும்தான் தெரியணும். எதிரிக்கித் தெரிஞ்சா அவளும் அங்கயே ஒருத்தியத் தூக்குவா. முடிஞ்சிச்சி கத.

அத நாங்க எங்க வூட்டு மொட்ட மாடியில கத்துக்கினோம்க்கா. துணிக்கொடி மேல பந்து போவணும், அவ கையில வுழணும். மழ இல்ல, வெயில் இல்ல. அப்பால அப்பால நான் பாக்காமயே போடுவேன். அவ கை அங்க இருக்கும். இந்தத் தோளு ஒடஞ்சப்ப ரெண்டு மாசம் எனக்குத் தல வாரி உட்டது அவ. எங்கம்மா இல்ல, அவ. கூரியர் கம்பெனியில டூட்டி முடிச்சிட்டு நேரா எங்க வூட்டுக்கு வருவா, எண்ண வெச்சி இழுத்து இழுத்துப் பின்னுவா. வலிக்கிதுடின்னா, "வலிக்கட்டும், தோளு வலி மறந்துபூடும்"ன்னுவா. அந்தக் கையாலதான்க்கா என்ன முதுகுல குத்தினா. நெனச்சா சோறு எறங்கல எனக்கு.

இந்தியா டீமுல சேந்தப்ப பழைய கோடு இருந்துச்சி, ரகசிய வார்த்த. இங்கிலீஷ்ல நம்பரு. ஒண்ணுன்னா முன்னாடி, ரெண்டுன்னா நடுவுல. கைப்புள்ள கூட கண்டுபுடிச்சிடும். நான்தான் மாத்தினேன். எங்கப்பா பஸ்ஸு கண்டக்டரு. அவரு கூவறது காதுல ஊறிப்போச்சி. எங்க ஏரியாவுல இருந்து பாரிஸ் கார்னரு கிட்ட. கிண்டி நடுவுல. தாம்பரம் கடைசி. அதான் கோடு. பாரிஸ்னா முன்னாடி, கிண்டின்னா நடுவுல, தாம்பரம்னா கடைசி. எப்டி?

அதுலயும் ஒரு வேல வெச்சேன். ஒரு ஸ்டாப்பிங் சொல்லமாட்டேன், மூணு சொல்லுவேன். நடுவுல சொல்றதுதான் நெசம். "தாம்பரம், பாரிஸ், கிண்டி"ன்னு கூவினா பந்து பாரிஸ்ஸுக்குப் போவும். ஒடிசாப் பொண்ணு, மணிப்பூர்ப் பொண்ணு எல்லாம் மனப்பாடம் பண்ணாளுங்க. தாம்பரம் எங்க கீதுன்னே தெரியாது, சோக்காக் கூவுவாளுங்க. ரெண்டு வருசம் ஒரு டீமுக்கும் புரியல. எந்த நாட்டுக்குப் போனாலும் வரிசையில பந்து எங்களுக்குத்தான். கோச்சு என்ன கட்டிப் புடிச்சி, "யுவர் பஸ்"ன்னாரு. என் பஸ்ஸுக்கா அது. நான் உட்ட பஸ்ஸு.

அப்பதான் மணிலா மேச்சு வந்துச்சி, பிலிப்பைன்ஸ் டீமோட. அதுல ஜெயிச்சா பெரிய டோர்னமெண்ட்டுக்கு நேரா போலாம். இந்தியா பொம்பளைங்க இதுவர போவாத எடம். எனக்கும் வயசு முப்பத்திரெண்டு. இத உட்டா எனக்கு வேற பஸ்ஸு கிடையாது, அது எனக்கே தெரியும்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு யூடியூப் சேனல்காரன் வந்தான். எங்க தெருவுல நிக்க வெச்சி எடுத்தான். பக்கத்து வூட்டுப் பொம்பளைங்கள எல்லாம் வரிசையா நிறுத்தி, செங்கல்லு மேல ஒருத்திய ஏத்தி உட்டு, நான் எறிஞ்சி காட்டினேன். "அக்கா, நீங்கதான் அந்தக் கோடு கண்டுபுடிச்சதாமே"ன்னான். ஆமான்னேன். கூவிக் காட்டினேன். செம கெத்துக்கா அது! ரெண்டு லட்சம் பேரு பாத்துட்டாங்க. எங்கப்பா ரிட்டையர் ஆயி வூட்டோட கிடந்த மனுசன், டிப்போவுக்குப் போயி எல்லாருக்கும் காட்டினு வந்தாரு. வெளிநாட்டுக்காரங்கல்லாம் கீழ ஹார்ட்டு போட்டாங்க. எந்தெந்த நாட்டுக் கொடியோ.

செலின் அதுல இல்ல. அவளுக்கு அன்னிக்கி டூட்டி. பொறாம அங்கதான் ஆரம்பிச்சிது.

இன்னாக்கா? கோட சொல்லிட்டியான்னா கேக்கற? முழுசா எவ சொன்னா? நான் இன்னா லூசா? மூணு ஸ்டாப்பிங் சொல்லுவேன், நடுவுல சொல்றது நெசம், எது எந்த எடம்னு சொன்னேன். அவ்ளோதான். எப்டித் தூக்கறது, கால எங்க புடிக்கறதுன்னு மூச்சி உடல. அதுவும் தமிழ்ல சொன்னேன். மணிலாவுல எவளுக்குத் தமிழ் தெரியும்? நீ குறுக்கப் பேசாதக்கா, கோர்வ உட்டுப்பூடும்.

மேச்சுக்கு மொத நாளு சாயங்காலம். ஓட்டல் கீழ சோபால செலினும் அந்த நாட்டுப் பொண்ணு ஒருத்தியும் ஒக்காந்துகினு இருக்காங்க. அந்தப் பொண்ணுதான் அவங்க டீமுல மேல தூக்கப்படறவ. செலினுக்கு நேர் எதிரி. ரெண்டு தலையும் ஒரு போனு மேல. அந்தப் பொண்ணு கெக்கேபிக்கேன்னு சிரிக்குது. செலினும் மொதல்ல சிரிச்சா. நான் லிப்டுல இருந்து பாத்துக்கினே இருக்கேன். அப்பால செலின் மூஞ்சி தொங்கிப்போச்சி. நிமிந்தா, என்னப் பாத்தா, போன அந்தப் பொண்ணு கையில குடுத்துட்டு எழுந்துட்டா. திருட்டு முழி. கண்ணால பாத்தேன்க்கா.

ரூமுக்கு வந்தா. வந்ததும் வராததுமா, "லீலா, நாளைக்கி கோட மாத்திக்கலாம்"ன்னா. எதுக்குடின்னேன். "நீ அந்த வீடியோவுல சொன்னது..."ன்னு ஆரம்பிச்சா. உட்டனா நான்? "அதான பாத்தேன்! வீடியோ வந்ததுல இருந்து உனக்கு வயிறு எரியிது"ன்னு புடிச்சிக்கினேன். அவ அதுக்கு மேல வாயத் தொறக்கல. கட்டில்ல ஒக்காந்து என்னயே பாத்துக்கினு இருந்தா. குத்தம் இருக்கறவதான்க்கா பேசாம இருப்பா. நியாயம் இருக்கறவ கத்துவா. என்னப் பாரு, நான் கத்தறன்ல?

அடுத்த நாளு கிரவுண்டு. மொத பந்து. "கிண்டி, தாம்பரம், பாரிஸ்"ன்னு கூவறேன். எங்காளுங்க பின்னாடி போயி செலினத் தூக்கறாங்க. அவளுங்களும் அதே எடத்துல தூக்கறாளுங்க. பந்து அவளுங்க கையில. சரி, தற்செயல்னு நெனச்சேன். ரெண்டாவதும் அப்டியே. மூணாவதுக்கு அந்தப் பொண்ணு, சோபாவுல சிரிச்சவ, எனக்கு முன்னாடி நின்னுக்கினு "கிண்டி! கிண்டி!"ன்றா. என்னப் பாத்து கண்ணடிக்கிறா. மணிலாவுல ஒருத்தி கிண்டின்றா. அந்தப் பேரு அவளுக்கு எப்டித் தெரியும்? யாரோ சொல்லிக்குடுக்காம தெரியுமா? சொல்லு.

பாதி ஆட்டத்துல தண்ணி குடிக்க நின்னோம். செலின் ஓடியாந்து, "இப்பயாவது கேளுடி, மொதல்ல சொல்றத நெசம்னு வெச்சிக்கலாம்"ன்னா. எனக்கு அப்பதான் பளிச்சின்னு ஆச்சி. இவ எதுக்கு நேத்துல இருந்து மாத்து மாத்துன்னு குதிக்கிறா? இவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. முன்னாடியே எப்டித் தெரியும்? சொன்னவளுக்குத்தானக்கா தெரியும்! பண்றதயும் பண்ணிட்டு, அப்பால மனசாட்சி உறுத்துது, மாத்து மாத்துன்றா. "நீ மூடினு போ"ன்னு சொல்லிட்டேன். என் பஸ்ஸுக்கு இவ ரூட்டு போடறதா? நான் மாத்தவேயில்ல.

தோத்துட்டோம். கொஞ்சத்துல தோத்தோம். அதான் தாங்கல. கடைசி பந்து எங்களது, அவங்க கோட்டுக்குப் பக்கத்துலயே. ஒழுங்கா புடிச்சிருந்தா ஜெயிச்சோம். நான் எறிஞ்சேன், அந்தப் பொண்ணு புடிச்சா. செலின் கீழ வுழுந்து கிடந்தா. நான் கை குடுத்துத் தூக்கல. ஏழு வயசுல இருந்து தெரிஞ்சவள, மொத தடவையா தாண்டிப் போனேன்.

அப்பால இன்னா? அடுத்த கேம்புல என் பேரு இல்ல. செலின் பேரு இருந்துச்சி. எறிஞ்சவ தப்பாம். புடிக்காதவ தப்பு இல்லையாம். அவளக் கேப்டனாக்கப் போறாங்கன்னு வேற பேச்சு. எனக்குக் காண்டாயிட்ச்சி. நேரா இங்க வந்து புகார் குடுத்துட்டேன். ஓட்டல் சோபா, கிண்டி, எல்லாம் சொன்னேன். விசாரண முடியற வரைக்கும் அவ பேரயும் எடுத்துட்டாங்க. எடுக்கட்டும். அவ தப்புன்னு தெரிஞ்சிட்டா என் பேரு திரும்ப வரும்ல?

அதுக்கு அவ இன்னா பண்ணா தெரியுமா? வூட்டுக்கு வந்தா. எங்கம்மா முன்னாடியே என் காலப் புடிக்காத குறையா, "புகார வாபஸ் வாங்கிடு லீலா. தோண்டாத. தோண்டினா நல்லா இருக்காது"ன்னா. பயந்துட்டா பாத்தியா? நான் மசியல. அப்பால அந்தச் சேனல்காரனுக்குப் போன் போட்டிருக்கா, என் வீடியோவத் தூக்கிடச் சொல்லி! அவனே எனக்குச் சொன்னான். "அந்தக்கா ரொம்பக் கெஞ்சினாங்கக்கா, தூக்கிடட்டுமா"ன்னான். தூக்கின, கையக் கால ஒடச்சிடுவேன்னேன். ஒருத்திக்கி ஒரு பேரு வந்தா இன்னொருத்தியால தாங்க முடியல. இதான்க்கா உலகம்.

விசாரணையில மொத நாளு அவ இன்னா சொன்னான்னு கேளு. "நான் சொல்லல. யாரால வெளிய போச்சின்னு எனக்குத் தெரியும். பேரு சொல்லமாட்டேன்"ன்னாளாம். கமிட்டியில ஒரு பெரியம்மா, "தெரிஞ்சி மறைச்சா தண்டன உனக்குத்தான், ஒரு வாரம் டைம், யோசி"ன்னாங்களாம். இவ, "யோசிச்சிட்டேன் மேடம், எனக்கே குடுத்துடுங்க"ன்னாளாம். எப்டி நடிப்பு? வேற யாராவது இருந்தா பேரு சொல்ல வேண்டியதுதான? யாருக்கோசரம் மறைக்கிறா? யாருமே இல்ல, அதான் சொல்ல முடியல.

ஏன்க்கா அப்டிப் பாக்கற? உம் மூஞ்சி ஏன் இப்டிப் போவுது? தண்ணி வேணுமா? எங்கிட்ட கீது.

இல்ல, நான் அழல. கண்ணு உறுத்துது. அழுவேன் சில நேரம், ஏன் பொய் சொல்லணும்? மாடியில துணிக்கொடி அப்டியே கீதுக்கா. இப்ப எங்கம்மா துணி மட்டும்தான் காயப்போடுது. ஒருநாள் கை சும்மா இருக்காம ஒரு பந்த எடுத்து எறிஞ்சேன். அது நேரா எதிர் வூட்டு மாடிக்கிப் போயிட்ச்சி. யாரும் இல்லல்ல புடிக்க. அப்ப ஒரு நிமிசம் எனக்கு, சரி உடுடி, போவட்டும், செலின்தானன்னு தோணிச்சி. உடனே அந்த கிண்டி ஞாபகம் வந்துட்ச்சி. உள்ள இருந்தவளே இல்லன்னா வேற எவ சொல்லியிருக்க முடியும்? வெளியாளு சொல்லி ஏமாந்தா கோவம் வரும், அவ்ளோதான். கூடப் பொறந்த மாதிரி இருந்தவ பண்ணா, நெஞ்சில கல்லு மாதிரி ஒக்காந்துக்கும்.

இன்னிக்கி கடைசி விசாரண. சும்மா வரல நானு, ஆதாரத்தோட வந்திருக்கேன். உள்ள எல்லாரும், அந்தக் கோடு டீமு கோடுதான, உன்து எப்டின்னு கேக்கறாங்க. கோச்சு கூட இப்ப மாத்திப் பேசறாரு, எல்லாரும் சேந்து பண்ணதாம். அதனால மொதல்ல அது என்துன்னு நிரூபிக்கணும். தோ பாரு, அந்த வீடியோ. தேதி போட்டிருக்கு பாரு, மணிலா போறதுக்கு முன்னாடி. நானே என் வாயால, நான்தான் கண்டுபுடிச்சேன், இது இப்டி, இது இப்டின்னு வெளக்கிச் சொல்றேன். இத விட இன்னா சாட்சி வேணும்? என் பொருளு களவு போச்சின்னா, மொதல்ல அது என் பொருளுன்னு காட்டணும்ல?

கமிட்டியில ஒருத்தரு கல்கத்தாக்காரரு. தமிழ் தெரியாது அவருக்கு. ஆனா கவலயில்ல. கீழ பாரு, நான் பேசப் பேச இங்கிலீஷ்ல எழுத்து வருது. அந்தச் சேனல்காரன் கெட்டிக்காரன். எந்த நாட்டுக்காரன் பாத்தாலும் புரியும்.

ஏன்க்கா தலையில கை வெக்கிற?

இரு, கதவு தொறக்குது. செலின்தான். பாரு, எப்டி மெலிஞ்சிட்டா. சாப்பிடறதில்ல போல. எனக்கின்னா? இங்கதான் வரா. என் கையில போனப் பாக்கறா. வரட்டும்.

இன்னாடி? ...கேட்டியாக்கா, இன்னா சொல்றான்னு? "எல்லாம் முடிஞ்சிட்ச்சி லீலா, நான் ஒத்துக்கினேன், நீ வூட்டுக்குப் போ. அத மட்டும் காட்டாத"ன்றா. ஒத்துக்கினாளாம்! எனக்குத் தெரியும்டி, என்னிக்காவது நீ ஒத்துப்பன்னு. அப்பவும் என் வீடியோ மேல கண்ணு பாரு. நான் ஒரு நிமிசம் நாலு பேரு முன்னாடி பெரிய ஆளா நிக்கக் கூடாது, அவ்ளோதான உனக்கு? நவுரு. கையப் புடிக்காத. நீ புடிக்க வேண்டிய நேரத்துல புடிக்கலடி.

நீ எதுக்குக்கா இன்னொரு கையப் புடிக்கிற? உன்ன யாருன்னே எனக்குத் தெரியாது. உடுக்கா. கூப்பிடறாங்க, காது கேக்கலயா? உடு.

தோ, வரேன் சார். புஷ்பலீலா, நான்தான் சார். சார், ஒரு சின்ன ஒதவி. இந்தப் போன அந்தச் செவுத்துல இருக்கற டி.வி.யில போட முடியுமா? சின்னதுல அந்த எழுத்து சரியாத் தெரியாது சார். எல்லாரும் படிக்கணும்.